முன்னாள் படைவீரர் பிள்ளைகளின் படிப்பு: எந்தச் சலுகையை எடுத்தால் எது கைவிட்டுப் போகும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, பர்கூர் பக்கங்களில் பட்டாளத்துக்குப் போனவர் இல்லாத ஊரைப் பார்ப்பது அரிது. பதினேழு வருடம் முடித்து ஊர் திரும்பும் வீரருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பிள்ளைகள் ஐந்தாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு என்னென்ன சலுகை உண்டு என்று கேட்டால் கிடைக்கும் பட்டியல் நீளமானது. ஆனால் அதில் பல சலுகைகள் ஒன்றையொன்று அடைத்துவிடும். பன்னிரண்டாவது முடித்த பிறகு யோசிக்க உட்கார்ந்தால் பாதிக் கதவுகள் சாத்தியிருக்கும். ஆகவே எது பெரிய தொகை என்பதோடு, எதை எடுத்தால் எது போகும் என்பதையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

முதலில், யார் கேட்கலாம்

பட்டாளத்தில் இருந்து வந்தவர் எல்லோரும் சட்டப்படி முன்னாள் படைவீரர் ஆகிவிடுவதில்லை. 1987 ஜூலை 1-க்குப் பிறகு வெளியே வந்தவர் ஏதாவது ஒரு வகை ஓய்வூதியத்தோடு வந்திருக்க வேண்டும். அல்லது பணியால் ஏற்பட்ட உடல்நலக் குறைவால் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது ஒப்பந்தக் காலம் முடிந்தோ ஆட்குறைப்பாலோ பணிக்கொடையோடு வந்திருக்க வேண்டும். ஓய்வூதியத் தகுதி வருவதற்கு முன்பே சொந்த விருப்பத்தில் விலகியவருக்கு இந்தத் தகுதி இல்லை. பகுதிநேரப் படையான டெரிடோரியல் ஆர்மியில் இருந்தவர்களில் தொடர் பணிக்கு ஓய்வூதியம் பெறுபவர், பணியால் ஊனமுற்றவர், வீரப் பதக்கம் பெற்றவர் ஆகியோர் மட்டும் இந்த வரையறைக்குள் வருவார்கள்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். குடும்பங்கள் அடிக்கடி ஏமாந்து போவது இங்கேதான். அவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவர்கள். முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பு கேந்திரிய சைனிக் போர்டு. கே.எஸ்.பி. என்கிற அதன் உதவிகள் அவர்களுக்கு இல்லை. கே.எஸ்.பி. தரும் பிரதமர் உதவித்தொகையின் (பி.எம். ஸ்காலர்ஷிப்) அதே பெயரில் அவர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. அதற்குத் தேசிய உதவித்தொகைத் தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தவறான தளத்தில் விண்ணப்பித்து ஒரு வருடத்தை இழக்க வேண்டாம்.

பி.எம். ஸ்காலர்ஷிப்பா, ரக்ஷா மந்திரி நிதியா

எல்லோருக்கும் தெரிந்தது பி.எம். ஸ்காலர்ஷிப். மாதம் பையனுக்கு 2,500 ரூபாய், பெண்ணுக்கு 3,000 ரூபாய். வருடத்துக்கு ஒருமுறை மாணவரின் வங்கிக் கணக்கில் மொத்தமாக விழும். நான்கு வருட பி.இ. படிப்புக்கு மகனுக்கு 1,20,000, மகளுக்கு 1,44,000 வரும். நாடு முழுவதற்கும் வருடத்துக்கு 5,500 பேருக்குத்தான் இது கிடைக்கும், அதில் பாதி பெண்களுக்கு. போரில் உயிரிழந்தவர், ஊனமுற்றவர், பணிக் காரணத்தால் இறந்தவர், பதக்கம் பெற்றவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. மற்ற முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் கடைசியான ஆறாவது வகையில் வருவார்கள். நம் பக்கத்து விண்ணப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஆறாவது வகைதான்.

60 சதவீதம் வேண்டும் என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பொறியியல் கட்-ஆஃப் கணக்கு இங்கே செல்லாது. பன்னிரண்டாம் வகுப்பின் மொத்த மதிப்பெண்தான் கணக்கு. 600-க்கு 360. அதுவும் வாசல்படி மட்டுமே. ஆறாவது வகையில் மதிப்பெண் வரிசைப்படி எடுப்பதால், 360-ஐத் தொட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. பி.எட்., எம்.பி.ஏ., எம்.சி.ஏ. சேர்பவருக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் வருடம் பி.இ. சேர்பவர் அந்த வருடமே விண்ணப்பிக்க வேண்டும். மற்றவர்கள் முதல் வருடத்தில் விட்டால் பிறகு கேட்க முடியாது. கிடைத்த பிறகும் ஒவ்வொரு வருடமும் 50 சதவீதம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

படிப்பு விஷயத்தில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. இது தொழிற்படிப்புக்கு மட்டுமான திட்டம். பி.இ., எம்.பி.பி.எஸ்., பி.ஃபார்ம்., பி.எஸ்சி. நர்சிங், பி.எஸ்சி. விவசாயம், பி.பி.ஏ., பி.சி.ஏ. எல்லாம் வரும். சாதாரண பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. கணிதம், இயற்பியல் வராது. தருமபுரி அரசு கலைக் கல்லூரியிலோ கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகளிலோ இத்தகைய படிப்பில் சேர்ந்த பிள்ளைக்கு இந்த விண்ணப்பம் வீண் வேலை. தொலைநிலைக் கல்விக்கும் இல்லை.

அந்தப் பிள்ளைக்கானது ரக்ஷா மந்திரி முன்னாள் படைவீரர் நல நிதியின் கல்வி உதவி. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பல வீடுகளுக்கு இதுதான் பெரிய பணம். ஹவில்தாரும் அதற்கு இணையான பதவியும், அதற்குக் கீழ் உள்ளவர்களும் கேட்கலாம். ஓய்வூதியம் உள்ளவர், இல்லாதவர் இருவருக்கும் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு, ஒன்றாம் வகுப்பில் இருந்து பட்டப்படிப்பு வரை. விதவை இரண்டு வருட முதுகலை படித்தால் அவருக்கும் உண்டு. மாதம் 1,000 ரூபாயாக இருந்த தொகை, 2025 நவம்பர் 1 முதல் தரும் விண்ணப்பங்களுக்கு 2,000 ரூபாய் ஆகியிருக்கிறது. வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு 24,000. ஆறாவதில் இருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடம் விடாமல் வாங்கினால் இன்றைய விகிதத்தில் 1,68,000. மேலே மூன்று வருட பி.ஏ.வுக்கு இன்னும் 72,000. ஒரு நாயக்கின் மகள் நான்கு வருடப் பொறியியலுக்குப் பெறும் பி.எம். ஸ்காலர்ஷிப்பைவிட இது அதிகம். மதிப்பெண் போட்டியும் இல்லை. தேர்ச்சி பெற்றால் போதும்.

ஏன் பலர் விட்டுவிடுகிறார்கள்? இது முடித்த வகுப்புக்குத் தரும் பணம். தேர்வு முடிவு வந்த பிறகு, மதிப்பெண் சான்றோடு, ஒவ்வொரு வருடமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கெடு தாண்டினால் அந்த வருடப் பணம் போனதுதான். இன்னொரு நிபந்தனை: அதே பிள்ளைக்கு மாநில அரசிடமிருந்தோ, தந்தை இப்போது வேலை பார்க்கும் இடத்திலிருந்தோ கல்வி உதவித்தொகை பெற்றிருக்கக் கூடாது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம், அதாவது ஏ.டி. ஆபீஸ், தொகுப்பு நிதியில் இருந்தும் கல்வி உதவித்தொகை தருகிறது. இரண்டையும் ஒரே பிள்ளைக்குக் கேட்டால் ஒன்று நிற்கும். எந்த வகுப்புக்கு எது அதிகம் என்று இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றை மட்டும் கேளுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 பெறும் மகளுக்கோ, தமிழ்ப் புதல்வன் பெறும் மகனுக்கோ கேட்கும்போது அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதுவும் மாநில அரசின் பணம்.

ஹவில்தாருக்கு மேலே ஜே.சி.ஓ. எனப்படும் நாயப் சுபேதார், சுபேதார் பதவிக் குடும்பங்கள் இங்கே ஓர் இடுக்கில் மாட்டிக்கொள்கின்றன. பி.எம். ஸ்காலர்ஷிப்பின் ஆறாவது வகை ஜே.சி.ஓ.க்களின் பிள்ளைகளுக்கும் உண்டு. ரக்ஷா மந்திரி நிதியோ ஹவில்தாரோடு நின்றுவிடுகிறது. ஆக, சுபேதார் மகன் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தால் கே.எஸ்.பி.யின் இந்த இரண்டு உதவியும் இல்லை. அதே மகன் பி.சி.ஏ. சேர்ந்து மதிப்பெண்ணும் இருந்தால் வருடம் 30,000 வரலாம். பணத்துக்காகப் படிப்பை மாற்றச் சொல்லவில்லை. இரண்டு படிப்பில் எது என்று பிள்ளையே ஊசலாடிக்கொண்டிருந்தால் மட்டும் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரிவு ஆறாம் வகுப்பில்தான் வருகிறது. முன்னாள் படைவீரரின் பிள்ளைக்கு அப்போது நான்கு வழிகள் இருக்கும்: சைனிக் பள்ளி, ராணுவப் பள்ளி (ராஷ்டிரிய மிலிட்டரி ஸ்கூல்), கேந்திரிய வித்யாலயா, ஊர் அரசுப் பள்ளி.

உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அகில இந்திய நுழைவுத் தேர்வு. மார்ச் 31 அன்று ஆறாவதுக்கு வயது 10-க்கும் 12-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புத் தேர்வு 300 மதிப்பெண்ணுக்கு, அதில் கணக்கு மட்டும் 150. ஒவ்வொரு பகுதியிலும் 25 சதவீதமும் மொத்தத்தில் 40 சதவீதமும் எடுத்தால்தான் தகுதிப் பட்டியலில் பெயர் வரும். ஆறாவதுக்குத் தமிழிலேயே எழுதலாம், ஒன்பதாவதுக்கு ஆங்கிலம் மட்டும். பொதுப் பிரிவு இடங்களில் கால் பங்கு, பணியில் இருப்பவர் மற்றும் முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளும் ஆறாவதில் சேரலாம். விடுதியோடு சேர்ந்த கட்டணம் சாதாரண ஓய்வூதியத்துக்குப் பாரம்தான். பாதுகாப்பு அமைச்சகமும் மாநில அரசும் தரும் உதவித்தொகையைக் கழித்த பிறகு எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ராஷ்டிரிய மிலிட்டரி ஸ்கூல் நாட்டில் ஐந்துதான். அதில் ஒன்று பெங்களூரில். ஓசூர், தேன்கனிக்கோட்டை குடும்பங்களுக்கு அமராவதிநகரைவிட அதுவே பக்கம். அங்கே 70 சதவீத இடங்கள் ஜே.சி.ஓ., ஜவான்களின் பிள்ளைகளுக்கு. கட்டணமும் தந்தையின் பதவிக்கு ஏற்பக் குறையும். ஜவானின் பிள்ளைக்கு இடம், செலவு இரண்டிலும் சைனிக் பள்ளியைவிட இது சாதகம் என்பதே எங்கள் கருத்து. ஆனாலும் நம் மாவட்டங்களில் சைனிக் பள்ளிக்கு விண்ணப்பிக்கிறவர்களில் பலர் இதன் பெயரையே கேள்விப்பட்டதில்லை. இரண்டு தேர்வும் வேறு வேறு, இரண்டையும் எழுதலாம்.

கேந்திரிய வித்யாலயாவில் மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளோடு முன்னாள் படைவீரர் பிள்ளைகளும் முதல் முன்னுரிமையில் வருவார்கள். எட்டாவது வரை கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் வேறு நிதிகளுக்கான சிறு தொகை மட்டும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்காவிட்டால் மேல் வகுப்புகளில் காலியிடம் இருந்தால்தான் உண்டு.

இனி அரசுப் பள்ளி. படைவீரர் சலுகை என்று யாரும் இதை எண்ணுவதில்லை. ஆனால் ஆறாவதில் இருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவம், பொறியியல், விவசாயம், கால்நடை, சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டும். பி.எம். ஸ்காலர்ஷிப்பில் வரும் வருடம் 30,000 தனியார் பொறியியல் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதிக்குத்தான் வரும். 7.5-இல் சேர்ந்தவருக்கு அந்தக் கவலையே இல்லை. சைனிக் பள்ளி, ராணுவப் பள்ளி, கேந்திரிய வித்யாலயா மூன்றுமே இந்தக் கணக்கில் அரசுப் பள்ளி அல்ல. அங்கே சேர்த்த நாளே இந்தக் கதவு மூடிவிடும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் தொகையும் போகும். தமிழ் வழியில் படித்தவருக்கு டி.என்.பி.எஸ்.சி.யில் உள்ள 20 சதவீத முன்னுரிமையும் போகும்.

எதை எடுப்பது? பிள்ளைக்குப் பட்டாளத்தில் ஆர்வமும் கணக்கில் வேகமும் இருந்தால், ராணுவ அதிகாரி ஆவதற்கான என்.டி.ஏ. தேர்வு எழுதும் எண்ணம் வீட்டில் உறுதியாக இருந்தால், ராணுவப் பள்ளியும் சைனிக் பள்ளியும் சரியான இடங்கள். வேறு எங்கும் கிடைக்காத பயிற்சி அங்கே உண்டு. டாக்டர், இன்ஜினியர் என்ற கனவோடு, கையில் ஓய்வூதியம் மட்டும் இருக்கிற வீட்டுக்கு நல்ல ஆசிரியர்கள் உள்ள அரசுப் பள்ளி பண விஷயத்தில் மிகப் பெரிய சலுகை. தெளிவாக ஒரு பக்கம் சாயாமல் தனியார் மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிடுவதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கிறது. மேலே சொன்ன இரண்டு பக்கத்துப் பலனும் அங்கே இல்லை, கட்டணமும் கையை விட்டுப் போகிறது.

வடக்கே தந்தையோடு இருந்து ஆர்மி பப்ளிக் ஸ்கூலில் படித்து, எட்டாவதுக்கு மேல் ஊருக்கு வரும் பிள்ளைக்கு 7.5 ஏற்கெனவே இல்லை. அப்படிப்பட்டவருக்கு முன்னாள் படைவீரர் ஒதுக்கீடுதான் மிச்சம். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர் பொறியியல் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்று எடுக்க வேண்டும். ஓசூரில் வீடும் பெங்களூரில் பள்ளியுமாக இருக்கிற குடும்பங்களுக்கும் இதே கதிதான்.

முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டின் உண்மையான பலம்

பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் வாரிசுகளுக்கு 150 இடங்கள். மாநிலம் முழுவதற்கும் சேர்த்து இவ்வளவுதான். மருத்துவத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அரசு கலைக் கல்லூரிகளிலும் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், என்.சி.சி. மாணவர்களோடு சேர்த்துச் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முதலில் நடக்கும். ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தில் தள்ளுபடி இல்லை. இது இடம் தரும் சலுகை, பணம் தரும் சலுகை அல்ல. இந்த வேறுபாடு பல வீடுகளில் சேர்க்கை நாளன்றுதான் தெரியவருகிறது.

இது யாருக்கு உதவும்? பொதுத் தரவரிசையில் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியோ தருமபுரி அரசு பொறியியல் கல்லூரியோ எட்டாமல், கொஞ்சம் தள்ளி நிற்கும் மாணவருக்கு. பொதுச் சுற்றிலேயே நல்ல இடம் வரும் மதிப்பெண் இருந்தால் அவசரப்பட வேண்டாம். சிறப்புப் பிரிவில் கிடைத்ததை உறுதி செய்யும் முன், முந்தைய வருடங்களில் அதே தரவரிசைக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்று பாருங்கள்.

இதற்கு ஏ.டி. ஆபீஸ் தரும் சார்ந்தோர் சான்று வேண்டும். எந்தப் படிப்பு, எந்த வருடம் என்று அதில் குறித்திருக்கும். போன வருடம் அக்காவுக்கு வாங்கியதைத் தம்பிக்கு வைக்க முடியாது. பொறியியலுக்கும் கலைக் கல்லூரிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். முடிவு வந்த பிறகு எல்லோரும் ஒரே வாரத்தில் வருவார்கள். ஏப்ரலிலேயே போய்க் காகிதங்களைச் சரிபார்த்துவிட்டால் மே மாதம் அலைச்சல் இல்லை.

ராணுவத்தில் மட்டும் பணியாற்றியவர்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி உண்டு. புனேயில் உள்ள ஆர்மி இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கே உரியது, ஜே.இ.இ. மெயின் மதிப்பெண் வழியாகச் சேரலாம். கடற்படை, விமானப்படைப் பிள்ளைகளுக்கு இல்லை. நம் பக்கத்தில் ஜே.இ.இ. எழுதும் பழக்கம் குறைவு என்பதால் இந்த வாய்ப்பு கவனத்துக்கே வராமல் போகிறது.

இன்னும் பணியில் இருப்பவர்கள்

பணியில் இருக்கும்வரை பிள்ளைகளின் கல்விப் படி மாதம் 2,812.50 ரூபாய், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு, பன்னிரண்டாவது வரை. விடுதியில் இருந்தால் விடுதி மானியம் 8,437.50. 2024 ஜனவரி 1 முதல் இந்த விகிதம். ஓய்வு பெற்றாலும் அந்தக் கல்வியாண்டின் முடிவு வரை பெறலாம். இது தெரியாமல் ஓய்வு பெற்ற மாதத்தோடு கணக்கை முடித்துக்கொள்பவர்கள் உண்டு. பள்ளியின் சான்றை வாங்கி யூனிட்டுக்கு அனுப்பிக் கேளுங்கள்.

பதினைந்து வருடம் பணி முடித்தவருக்கு, பட்டாளப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் தரும் கிராஜுவேட் சர்டிபிகேட்டைப் பட்டம் என்று நம்பி எம்.ஏ. சேரப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது பட்டம் அல்ல. பட்டம் கேட்கும் மத்திய அரசின் குரூப் சி பதவிகள் சிலவற்றுக்கு முன்னாள் படைவீரர் விண்ணப்பிக்க உதவும், அவ்வளவே. மேலே படிக்க ஆசைப்பட்டால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முறையாக ஒரு பட்டம் முடிப்பதுதான் வழி. ஆனால் முதல் பட்டதாரிச் சலுகை பெற, குடும்பத்தில் அதற்கு முன் பட்டம் பெற்றவர் யாரும் இருக்கக் கூடாது. அப்பா பட்டம் வாங்கிவிட்டால் பிள்ளைக்கு அந்தக் கட்டணச் சலுகை இல்லை. மூத்த பிள்ளை கல்லூரியில் சேரும் வருடத்தையும் அப்பா பட்டம் முடிக்கும் வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அக்னிவீரராகச் சேரும் தம்பிகள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு வருடம் முடித்து வெளியே வந்தால் முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது. மேலே சொன்ன முன்னாள் படைவீரர் உதவி எதுவும் நாளை அவர்கள் பிள்ளைகளுக்கு வராது. கிடைப்பது, வெளியேறும்போது மொத்தமாகத் தரும் சுமார் 11.71 லட்சம் சேவா நிதியும் படிப்புக்கான வசதியும். பத்தாவதோடு சேர்ந்தவர் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாவது சான்று பெறலாம். இக்னோ பட்டத்தில் பாதி மதிப்பலகுகள் (கிரெடிட்) பணியில் கற்ற திறனுக்கே வரும். மீதிப் பாதியைப் பணியில் இருக்கும்போதே எழுதி முடித்துவிடுவது நல்லது. வெளியே வந்து வேலை தேடும் காலத்தில் தேர்வுக்கு உட்கார மனம் வராது.

போரில் உயிரிழந்த, காணாமல் போன, நிரந்தர ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீடு எதுவும் தேவையில்லை. கல்விக் கட்டணம், விடுதி, சீருடை, புத்தகம், பயணச் செலவை மத்திய அரசு திரும்பத் தரும் தனித் திட்டம் இருக்கிறது. 2017-இல் அதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்த உச்சவரம்பும் 2018-இல் நீக்கப்பட்டது. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். ரசீது இல்லாத செலவுக்குப் பணம் வராது.

காகிதத்தில் எங்கே சிக்கும்

விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர். பட்டாளப் பதிவில் பிள்ளையின் பெயர் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றில் இனிஷியலோடு வேறு மாதிரி, ஆதாரில் மூன்றாவது மாதிரி. பிறந்த தேதியில் ஒரு நாள் மாறினாலும் இணையதளம் ஏற்காது. பணியில் இருந்து விடுவிக்கும்போது தந்த டிஸ்சார்ஜ் புக்கில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா, குடும்ப விவரம் பதிந்த பார்ட் டூ ஆர்டர் கையில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஓய்வு பெற்ற பிறகு பிறந்த பிள்ளையின் பெயர் அதில் இருக்காது. பிறப்புச் சான்றும் உறுதிமொழிப் பத்திரமும் வைத்து, ஏ.டி. ஆபீஸ் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பிச் சேர்க்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. பன்னிரண்டாவது முடிவு வந்த பிறகு தொடங்கினால் பி.எம். ஸ்காலர்ஷிப் கெடுவுக்குள் முடியாது.

பி.எம். ஸ்காலர்ஷிப்புக்கு மூன்று இணைப்புப் படிவங்கள் உண்டு. ஒன்றில் ஏ.டி. ஆபீஸ், ஒன்றில் கல்லூரி, ஒன்றில் வங்கி கையெழுத்திட வேண்டும். கணக்கு மாணவரின் பெயரில் இருக்க வேண்டும், அப்பாவின் ஓய்வூதியக் கணக்கைக் கொடுக்கக் கூடாது. ஸ்கேன் மங்கலாக இருந்தால் கே.எஸ்.பி. திருப்பி அனுப்பும். அந்தத் தகவல் இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள்தான் வரும். விண்ணப்பித்த பிறகு வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். சரிசெய்யாமல் கெடு முடிந்தால் அதோடு சரி.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2004 பிப்ரவரி 9-இல்தான் மாவட்டம் பிரிந்தது. அதற்கு முன்பே ஓய்வு பெற்றுத் தருமபுரியில் பதிந்தவர்கள், தங்கள் பதிவு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பேரக் குழந்தைகள் வயதில் பிள்ளை இருக்கும் மூத்தவர்களுக்கும், அவர்களின் விதவைகளுக்கும் இது இன்னும் பொருந்தும். போகும்போது டிஸ்சார்ஜ் புக் முழுவதும், பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, பிள்ளையின் மதிப்பெண் சான்று, இருவரின் ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் அசலும் இரண்டு நகலும் எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துப் போனால், குடும்ப விவரம் உள்ள பக்கத்துக்காக மறுநாளும் பேருந்து ஏற வேண்டியிருக்கும்.